ஒன்பதாம் பொத்தான்

நான் ஸ்பானிஷ் பேசினால் மாட்ரிட்காரர்கள் முதலில் கொஞ்சம் திகைப்பார்கள். இலக்கணம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பழைய கௌபாய் படத்தில் சாராயக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவன் பேசுவதுபோல இருக்கும். வந்த புதிதில் ஒருநாள் ரொட்டிக் கடையில் சில்லறை கை தவறிக் கீழே கொட்டியது. 'மால்தித்தா சேயா!' என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். 'சனியனே' என்பதுபோல ஒரு வசவு அது. கடையில் இருந்த பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வயிற்றில் குண்டு பாய்ந்தவன் படத்தில் சொல்கிற வார்த்தையாம்.

இன்னொரு நாள், தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். வெளிநாட்டுப் பெண் என்பதற்கு 'எக்ஸ்த்ரான்ஹேரா' என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாயில் வந்தது 'ஃபொராஸ்தேரா'. அசலூர்க்காரி என்று அர்த்தம்; படங்களில் குதிரையில் ஊருக்குள் நுழைகிறவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். குதிரையை வெளியே கட்டிவிட்டு வந்திருக்கிறேனா என்று பார்த்தார் போல.

இதற்கெல்லாம் காரணம் ஒரு டி.வி. சேனல். லாசெக்ஸ்தா 3. பெயரைப் பார்த்து நெளிய வேண்டாம். 'செக்ஸ்தா' என்றால் ஆறாவது, அவ்வளவுதான். தெருவில் 'செஸ்தா' என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். தொலைபேசியில் அம்மாவிடம் இந்தப் பெயரைச் சொன்னபோது எதிர்முனையில் விழுந்த மௌனம் இன்னும் நினைவில் இருக்கிறது.

2010 செப்டம்பரில் மாட்ரிட்டுக்கு மேற்படிப்புக்காக வந்தேன். நகரின் தெற்கே கராபாஞ்செல் பகுதியில், எழுபதைத் தாண்டிய ஒரு விதவை அம்மாவின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. நான் அவரை 'சென்யோரா' என்று கூப்பிடுவேன், 'நீங்கள்' போட்டுத்தான் பேசுவேன். அவர் என்னை முதல் வாரமே 'இஹா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மகளே என்று அர்த்தம். வாடகை பாக்கி இருந்தாலும் அதே 'இஹா'தான், குரல் மட்டும் மாறும்.

கூடத்தில் ஒரு வட்ட மேசை. அதன்மேல் தரை வரை தொங்கும் கனத்த துணி. உள்ளே, மேசையின் அடியில், ஒரு மின்சார ஹீட்டர். 'மேசா கமீயா' என்பார்கள். குளிர்காலத்தில் அந்தத் துணியை இழுத்து மடிமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே சொர்க்கம், மேலே மார்கழி. வீட்டில் வேறெங்கும் ஹீட்டர் போட சென்யோராவுக்கு மனசு வராது. ஆகவே படிக்கிறதும் சாப்பிடுகிறதும் அந்த மேசையில்தான். எதிரே டி.வி. வேறு வழியில்லாமல் டி.வி. பார்க்க ஆரம்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பின்பக்கம் புடைத்த பழைய டி.வி. அது. 2010 ஏப்ரல் 3ஆம் தேதி ஸ்பெயினில் அனலாக் ஒளிபரப்பை முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். புது டி.வி. வாங்க விருப்பமில்லாத சென்யோரா ஒரு செட்-டாப் பாக்ஸை வாங்கி அதன் தலையில் உட்கார வைத்திருந்தார். ரிமோட் இரண்டு. ஒன்று ஒலிக்கு, ஒன்று சேனலுக்கு. எது எதற்கு என்பதில் தினமும் ஒரு சண்டை, ரிமோட்டோடுதான்.

அந்த நவம்பர் 1 ஒரு திங்கட்கிழமை. சகல புனிதர்கள் தினம், நாடு முழுக்க விடுமுறை. சென்யோரா கணவரின் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்து, கால்களை மேசைக்கடியில் நுழைத்துக்கொண்டு பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு சேனல். ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் செய்தி வரும் என்று காத்திருந்தோம். இன்னொரு படம் வந்தது. அதற்கப்புறமும் படம். "எல்லாமே சினிமாவா? காசு இல்லாமலா?" என்று அவர் கேட்டார். அந்த வார இறுதியில் வந்த மகன் அதை ஒன்பதாம் எண்ணில் போட்டுக் கொடுத்தார். ரிமோட்டில் ஒன்பதாம் பொத்தானுக்கு நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டும் வைத்தார்.

ஸ்பெயினில் சினிமா சேனல் அதற்கு முன்பும் இருந்தது, ஆனால் பெரும்பாலும் மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு. இது கூரை ஆன்டெனாவில் வருவது. பெரும்பாலும் அமெரிக்கப் படங்கள், எல்லாம் ஸ்பானிஷில். இலவச சேனல் எதிலும் இருக்கிற குறைகள் இதிலும் உண்டு. ஒரே படம் திரும்பத் திரும்ப வரும். நாயகன் தூக்குக் கயிற்றில் தொங்கும்போது விளம்பரம் வரும். திரையோரத்தில் 'ஆறு நிமிடத்தில் திரும்புவோம்' என்று ஓர் அறிவிப்பு. அப்போதைய சட்டப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம் போட முடியும். தங்கள் சொந்த நிகழ்ச்சிகளுக்குச் செய்துகொள்ளும் விளம்பரம் அந்தக் கணக்கில் சேராது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சென்யோரா அந்த ஆறு நிமிடத்தில் உருளைக்கிழங்கு ஆம்லெட்டுக்குக் கிழங்கு சீவி முடிப்பார். படம் பார்த்த கணக்கை அவர் கிழங்கில்தான் சொல்வார்: "அது மூன்று கிலோ படம்."

டப்பிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மொழி கற்றது படங்களிடம் அல்ல, டப்பிங்கிடம். 1941 ஏப்ரலில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு ஓர் உத்தரவு போட்டது: வெளிநாட்டுப் படம் எதுவானாலும் ஸ்பானிஷில் டப் செய்துதான் காட்ட வேண்டும். சில ஆண்டுகளில் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், பழக்கம் போகவில்லை. அதனால் அங்கே ஒவ்வொரு ஹாலிவுட் நடிகருக்கும் ஒரு ஸ்பானிஷ் தொண்டை உண்டு. புரூஸ் வில்லிஸ் என்றால் ராமோன் லாங்கா. கிளின்ட் ஈஸ்ட்வுட் என்றால் கொன்ஸ்தந்தீனோ ரொமேரோ. ரோஜர் மூருக்கும் அவர்தான். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கனத்த குரல். சென்யோரா ஈஸ்ட்வுட்டின் சொந்தக் குரலை வாழ்நாளில் கேட்டதில்லை. மகன் ஒருநாள் ரிமோட்டில் ஒலியை மாற்றி ஆங்கிலத்தில் வைத்துக் காட்டினார். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "இவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, மாற்று" என்றார்.

இந்த டப்பிங் ஸ்பானிஷ் ஒரு தனி மொழி. எந்தத் தெருவிலும் பேசப்படாதது. உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டுமே என்று தேடித் தேடிக் கோத்த வார்த்தைகள். 'இங்கிருந்து கிளம்புவோம்' என்பதற்குச் சாதாரண மனிதர்கள் 'வாமொனோஸ்' என்பார்கள். டப்பிங்கில் 'லார்கேமொனோஸ் தே அக்கீ'. ஆய்வகத்தில் மதியம் சாப்பிடக் கிளம்பும்போது நான் இப்படித்தான் சொல்வேன். வங்கிக் கொள்ளையடித்துவிட்டு ஓடுகிற கும்பல் மாதிரி எல்லாரும் மெனு சாப்பாட்டுக்குப் போவோம். ஆனால் ஒன்று, டப்பிங்கில் உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். சென்யோரா வார்த்தைகளின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார். மீன்கடைக்காரர் முழு வார்த்தையையே விழுங்குவார். ரொமேரோ எதையும் விழுங்கமாட்டார். நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் அந்த ஊர் 'த'வை நான் அவரிடம்தான் படித்தேன், வகுப்பில் அல்ல. 2013 மே 12 அன்று அவர் இறந்துபோனார். செய்தியில் அவருடைய முகத்தைக் காட்டினார்கள். முகத்தைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றவில்லை. அப்புறம் குரலைப் போட்டார்கள். நானும் சென்யோராவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

நடுவில் நாட்டின் பொருளாதார நெருக்கடி முற்றியது. 2012இல் மகனுக்கு வேலை போனது. கட்டுமானத் துறை. வேலை போன நூறாயிரக்கணக்கானவர்களில் ஒருவர். நாற்பத்து மூன்று வயதில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தார். அவருடைய பழைய அறையில்தான் நான் இருந்தேன். அவர் தையல் மெஷின் இருந்த சின்ன அறையில் படுத்தார். காலி செய்துவிடுகிறேன் என்று சொன்னேன். "உன் வாடகையில்தான் இப்போது மூன்று பேர் சாப்பிடுகிறோம், பேசாமல் உட்கார்" என்றார் சென்யோரா. 2013 தொடக்கத்தில் நாட்டின் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வட்ட மேசையில் மூன்று ஜோடிக் கால்கள். சாயங்காலமானால் ஒன்பதாம் பொத்தான்.

அந்த 2012 செப்டம்பரில்தான் சினிமா டிக்கெட்டுக்கான வரியை 8 சதவீதத்திலிருந்து 21 சதவீதத்துக்கு ஏற்றினார்கள். தியேட்டருக்குப் போவது என்பதே எங்கள் பேச்சில் இல்லாமல் போயிற்று. மறு ஆண்டு அக்டோபரில் மூன்று நாளைக்கு மட்டும் டிக்கெட் 2.90 யூரோ என்று ஒரு சினிமா விழா நடத்தினார்கள். மகனும் நானும் போனோம். வரிசை கட்டடத்தைச் சுற்றி அடுத்த தெருவுக்குள் வளைந்து போயிருந்தது. நாங்கள் கவுன்ட்டரை எட்டுவதற்குள் டிக்கெட் தீர்ந்துவிட்டது. திரும்பி வந்து மேசைத் துணிக்குள் காலை நுழைத்தோம். "என்ன படம்?" என்று கேட்டார் சென்யோரா. "வரிசை" என்றார் மகன்.

சேனல் மூடப்படப் போகிறது என்ற செய்தி இதற்கு முன்பே கசிந்துகொண்டிருந்தது. மகனுக்கு நேரம் நிறைய இருந்ததால் செய்தித்தாளை வரி விடாமல் படிப்பார். ஒருநாள் மேசைமேல் ஒரு ரொட்டியை வைத்து எனக்கு விளக்கினார். அனலாக் காலத்தில் ஓர் அலைவரிசைக்கு ஒரு சேனல்தான். ஒரு ரொட்டி, ஒருவருக்கு. டிஜிட்டலில் அதே ரொட்டியை நாலாக வெட்டலாம். நாலு சேனல். அனலாக்கை மூடியபின், 2010 ஜூலை 16ஆம் தேதி அப்போதைய பிரதமர் சபாதெரோவின் அமைச்சரவை, தனியார் டி.வி. நிறுவனங்கள் ஆறுக்கும் ஆளுக்கு ஒரு முழு ரொட்டி கொடுத்தது. அவற்றில் ஒன்றான லாசெஸ்தாவுக்கு இப்படிக் கிடைத்த துண்டுகளால்தான் சினிமா சேனலே பிறந்தது.

சிக்கல் என்னவென்றால், அதே ஆண்டு மே மாதம் புதிய ஒளிபரப்புச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. புது உரிமம் கொடுப்பதென்றால் பொதுப் போட்டி வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். இவர்கள் போட்டி வைக்கவில்லை. பழைய ஆணைகளில் வாக்குக் கொடுத்திருந்தோம் என்றார்கள். 'இன்ஃப்ராஎஸ்த்ருக்தூராஸ் இ ஹெஸ்தியோன் 2002' என்று, பெயரைத் தவிர வேறெதுவும் பெரிதாக இல்லாத ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. 2012 நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அமைச்சரவை முடிவை ரத்து செய்தது.

மகன் ரொட்டியின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இதைச் சொன்னார். கடைசித் துண்டுக்கு வந்தபோது, "இது நம்முடையது" என்றார். அதையும் தின்றார்.

அப்போதும் யாரும் நம்பவில்லை. இதற்குள் லாசெஸ்தாவே அந்தேனா 3 குழுமத்தோடு 2012 அக்டோபரில் இணைந்துவிட்டிருந்தது. அவ்வளவு பெரிய குழுமத்தின் சேனலை யார் மூடுவார்கள்? ஆட்சியும் மாறியிருந்தது. புதிய பிரதமர் ரகோயின் அரசு ஏதாவது வழி கண்டுபிடிக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. 2013 மார்ச்சில் தீர்ப்பை நிறைவேற்றுகிறோம் என்றது அரசு, நாள் குறிக்கவில்லை. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அழுத்திச் சொன்னது: ஒன்பது சேனல்கள் போயாக வேண்டும். அந்தேனா 3 குழுமத்தில் மூன்று, மீடியாசெட்டில் இரண்டு, நெட் டி.வி.யில் இரண்டு, வேயோவில் இரண்டு. நாள் 2014 மே 6 என்று முடிவானது.

எனக்கு இதில் நியாயம் எது என்று தெரியாமல் இல்லை. போட்டி வைக்காமல் பொதுச் சொத்தைப் பங்கு போட்டது தவறு. நீதிமன்றம் சொன்னது சரி. வேறு யாருக்காவது அந்தத் துண்டு கிடைத்திருக்க வேண்டுமோ என்னவோ. ஆனால் போட்டி இல்லாமல் கொடுத்தவர்கள் ஆட்சியை விட்டுப் போயிருந்தார்கள், வாங்கியவர்களுக்கு வேறு சேனல்கள் மிச்சம் இருந்தன. 2012 மார்ச்சில் வந்த இன்னொரு இலவச சினிமா சேனலான பாரமவுன்ட், தப்பித்த உரிமம் ஒன்றில் இருந்ததால் ஒன்றும் ஆகாமல் நின்றது. ரிமோட்டைக் கையில் வைத்திருக்கிறவருக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்?

சென்யோராவுக்கு இந்தக் கதை எதுவும் பிடிபடவில்லை என்று சொல்லமாட்டேன். அவர் பிடிக்க விரும்பவில்லை. "நீதிபதிகளுக்கு வேறு வேலை இல்லையா? என் பென்ஷனை உறைய வைத்தார்களே, அதை ரத்து செய்யச் சொல்" என்பார்.

மே 5ஆம் தேதி இரவு மூன்று பேரும் உட்கார்ந்தோம். கடைசிப் படத்தை ஒழுங்காகப் பார்த்து, அதைப் பற்றி எழுத வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். எனக்கு மறுநாள் காலை ஒரு பரீட்சை வேறு. பாதியில் எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். சென்யோரா அதற்கு முன்பே வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தார். மகன் மட்டும்தான் விழித்திருந்தார்; என்ன படம் என்று கேட்டால் அவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது சென்யோரா ஜன்னலைத் திறந்து, கழுத்தை நீட்டி மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆன்டெனா திரும்பிக்கொண்டுவிட்டது" என்றார். எங்கள் கட்டடத்து ஆன்டெனா பிருலியைப் பார்த்து நிற்கும். பிருலி என்றால் குச்சி மிட்டாய். 1982 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஒளிபரப்புக் கோபுரத்துக்கு மாட்ரிட்காரர்கள் வைத்த பெயர். "பிருலி பக்கம்தான் இருக்கிறது, சென்யோரா. சேனலைத்தான் மூடிவிட்டார்கள். உங்களுக்குத் தெரியுமே" என்றேன். "தெரியும்" என்றார். ஆனாலும் குடியிருப்போர் கூட்டத்தில் ஆன்டெனாவைச் சரிபார்க்க வேண்டும் என்று பேசி, தலைவரிடம் ஒப்புதலும் வாங்கிவிட்டார். ஆன்டெனா மெக்கானிக் ஏறிப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வந்து போனதற்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

சேனல் போனாலும் செட்-டாப் பாக்ஸின் பட்டியலில் பெயர் இருந்தது. ஒன்பதை அழுத்தினால் மேலே 'லாசெஸ்தா 3' என்று பட்டை வரும். கீழே ஒன்றும் இருக்காது. நீக்கிவிடட்டுமா என்று மகன் கேட்டதற்கு, "இடத்தை அடைக்கிறதா என்ன?" என்றார் சென்யோரா. எட்டுக்கும் பத்துக்கும் நடுவே அந்தக் கறுப்பை அவர் தினமும் கடந்து போனார். வேகமாகக் கடக்கமாட்டார். ஒரு வினாடி நின்று பார்ப்பார், யாராவது திரும்பி வந்திருக்கிறார்களா என்பதுபோல. நானும் கூடவே பார்ப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுக்க மறுபடியும் டியூன் செய்யச் சொன்னார்கள். 800 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசைகளை 4ஜி கைபேசிக்குக் கொடுப்பதற்காக டி.வி. சேனல்களை இடம் மாற்றினார்கள். 2015 மார்ச் 31க்குள் முடிக்க வேண்டும். அதே மெக்கானிக் வந்தார், இந்த முறை உண்மையான வேலைக்கு. கீழே மகன் ரிமோட்டில் 'தானாகத் தேடு' என்பதை அழுத்தினார். பட்டை ஊர்ந்து முடிந்தது. பழைய பட்டியல் அழிந்து புதுப் பட்டியல் வந்தது. ஒன்பதில் சம்பந்தமே இல்லாத எதுவோ வந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பெயர் எங்கேயும் இல்லை.

சென்யோரா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார்.

மகன் கொஞ்ச நேரம் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். பிறகு 13 டி.வி.யைத் தூக்கி ஒன்பதில் வைத்தார். அது ஸ்பெயின் ஆயர்கள் பேரவையின் சேனல். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி போடுவார்கள். மற்ற நேரங்களில், என்ன காரணமோ, வரிசையாகக் கௌபாய் படம். பாதிரியார்களுக்குத் துப்பாக்கிமேல் அப்படி என்ன ஆசையோ தெரியாது.

சென்யோரா கிழங்குக் கூடையோடு திரும்பி வந்தபோது திரையில் புழுதி பறந்துகொண்டிருந்தது. தொப்பி வைத்த நாலு பேர் குதிரையில் ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அவர் மேசைத் துணியைத் தூக்கிக் காலை உள்ளே விட்டு, கத்தியை எடுத்து, என்னைப் பார்த்தார்.

"பார் இஹா, உன் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள்."